திருப்பிச் சொல்

உண்மையான ஒரு சொட்டுக் கண்ணீருக்கு, சிகாகோவில் மெத்தைக் கடை மாடியிலிருக்கும் இந்த நடிப்புப் பள்ளியில், மாதம் நானூறு டாலர் விலை. மார்லிஸ் ஆறு மாதம் கட்டிவிட்டாள். சரக்குதான் வந்து சேரவில்லை. ஜன்னலில் பனி வெளிச்சம் சாம்பலாக நிற்கிறது. ஹீட்டர் குழாய் கிழவனைப்போல் இருமுகிறது. முழங்கால் முட்டும் தூரத்தில், எதிர் நாற்காலியில், டெஸ்மண்ட். இருவரில் ஒருவருக்குத்தான் அடுத்த வகுப்பில் இடம். பயிற்சிக்கு ஒரே விதி: எதிரே கண்ணில் படுவதை ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், பாசாங்கு உதிரும்வரை.

“நீ மூக்க உறிஞ்சறே,” என்று ஆரம்பிக்கிறான் டெஸ்மண்ட்.

“நான் மூக்க உறிஞ்சறேன்,” என்று சொல்லிவிட்டு மார்லிஸ், சின்ன வயதில் செத்துப்போன நாயை நினைத்துக் கண்ணைப் பிழிகிறாள். கன்னத்தில் ஒரு சொட்டு உருள்கிறது.

“மறுபடியும் அந்தச் செத்த நாயா?” ஆசிரியை ரோசல்பா ஆப்பிளைக் கடிக்கிறாள். “அழுகைய யாரும்மா கேட்டா? எதிர்ல இருக்கறவனப் பாரு.”

பின்வரிசை சிரிக்கிறது. டெஸ்மண்டின் உதட்டோரம் மெல்ல ஏறுகிறது. மார்லிஸ் இப்போதுதான் அவனைப் பார்க்கிறாள்.

“நான் தொலையணும்னு நீ காத்திருக்கே.”

விதி விதிதானே. “நீ தொலையணும்னு நான் காத்திருக்கேன்,” என்று இளிக்கிறான். அவள் விடவில்லை, மறுபடி சொல்கிறாள். மூன்றாம் முறை இளிப்பைக் காணோம். குரல் அடித்தொண்டையிலிருந்து வருகிறது, காது சிவக்கிறது. அவள் கண்கள் உலர்ந்து எரிகின்றன. ரோசல்பா மெல்லுவதை நிறுத்துகிறாள்.

“போதும். மார்லிஸ், அடுத்த வகுப்பு உனக்கு.”

டெஸ்மண்ட் எழுந்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் அதே வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆறு மாதத்தில் வரவு, அசல் பகைவன் ஒருவன். கண்ணீர் இன்னும் பாக்கி.