இன்னும் அறுபது

வந்தவர் வாயைத் திறப்பதற்குள் சேல்ஸ்மேன் மூன்று கேமராக்களை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டான்.

பதினாலு வருஷ அனுபவம். ஆள் கடைக்குள் கால் வைக்கும்போதே, இவருக்கு எந்தக் கேமரா ஒத்துவரும் என்று சொல்லிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வெளியூர் போவீங்களா, வெளிச்சம் கம்மியான இடத்தில் எடுப்பீங்களா, தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்கணுமா என்று கேள்விமேல் கேள்வி. பதிலுக்கு எங்கே காத்திருந்தான்? பாவம், அந்தப் பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவைத்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, உள்ளே இருந்த மெமரி கார்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பழைய காலத்துத் தடித்த கார்டு. இது எந்தக் கேமராவில் போகும் என்று மட்டும்தான் கேட்டார்.

சேல்ஸ்மேனுக்கு வாயெல்லாம் பல்.

அலமாரியின் அடித்தட்டில் ரெண்டு வருஷமாகத் தூங்குகிற செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று இருந்தது. இந்தக் கார்டு போகிற ஒரே கேமரா. சீந்துவார் இல்லை. அதை யார் தலையிலாவது கட்டித் தொலையேன் என்று முதலாளி தினம் ஒருதரமாவது சொல்லிவிடுவார்.

எடுத்துத் துடைத்தான். பெரியவர் கையிலிருந்து கார்டை வாங்கிச் செருகினான். கார்டை முழுதாக அழித்துப் புதிதாக்கவா என்று திரை கேட்டது. கேட்ட மாத்திரத்தில் கட்டைவிரல் ‘சரி’யை அமுக்கிவிட்டது. கடைக் கேமராவில் எந்தக் கார்டைப் போட்டாலும் அவன் முதலில் செய்வது அதுதான். பழகின கை, மூளையைக் கேட்டுக்கொண்டா செய்யும்?

பெரியவரை ஒரு படம் எடுத்தான். முடி முடியாகத் தெரிகிறது பாருங்கள் என்று காட்டினான்.

அவர் தன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“இதுக்கு முன்னாடி இருக்கறதக் காட்டுங்க தம்பி. என் பொண்ணு இருப்பா.”

வெள்ளத்தில் போன பெண். ஆல்பம், கேமரா எல்லாம் அவளோடு போயிற்று. பீரோவின் மேல்தட்டில் கிடந்த இந்தக் கார்டு மட்டும் தப்பியது. ஆறு கடை ஏறி இறங்கியாயிற்று, போட்டுப் பார்க்க ஒரு கேமரா இல்லை. வீட்டில் அவள் அம்மாவுக்கு இப்போதெல்லாம் பெண்ணின் முகமே சரியாக ஞாபகம் வரவில்லையாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாளாம்.

சேல்ஸ்மேன் முந்தைய படத்துக்கான பொத்தானை அமுக்கிப் பார்த்தான். வேறு படம் இல்லை.

போன மாதம்தான் இதே மாதிரி ஒரு கல்யாணப் படங்கள் இருந்த கார்டை அழித்துவைத்தான். இன்னொரு தரம் நடந்தால் அப்படியே வீட்டுக்குப் போய்விடு என்று முதலாளி சொல்லியிருந்தார். அவர் இதோ, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

கார்டு பழசு சார், தானாகவே போயிருக்கும் என்றான்.

பெரியவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு தானே தேறிக்கொண்டார். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், அழிந்த படத்தையும் தோண்டி எடுத்துவிடுவாராம், அவரிடம் காட்டுகிறேன் என்று கையை நீட்டினார்.

எடுத்துவிடுவார். சேல்ஸ்மேனுக்கும் அது தெரியும். அழித்தாலும் படம் உள்ளேதான் கிடக்கும். அதன்மேல் வேறு படம் ஏறினால்தான் ஒரேயடியாகப் போகும். ஆனால் இன்றைக்கு, இத்தனை மணிக்கு, இந்தக் கேமராவில்தான் அழித்திருக்கிறார்கள் என்பதையும் அந்த ரிப்பேர்காரர் புட்டுப் புட்டு வைத்துவிடுவாரே!

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். கண்ணாடி அறைக்குள் முதலாளி நிமிர்ந்து பார்த்தார்.

கார்டை ஒரு தரம் சோதித்துத் தருகிறேன் சார், உங்கள் நல்லதுக்குத்தான் என்றான்.

படத்தின் அளவை ஆகப் பெரிதாக வைத்தான். திரையின் ஓரத்தில் எண் வந்தது. இன்னும் அறுபது படம் பிடிக்கும்.

சிரிங்க சார் என்றான்.

பெரியவர் முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டார். கார்டு பிழைக்கும் என்றால் சிரிப்பதற்கு என்ன? சிரித்தார்.

ஐம்பத்திரண்டு. நாற்பது. இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க. நடுவில் ஒருதரம் அவருக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. சமாளித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். பத்தொன்பது. ஆறு. சேல்ஸ்மேன் விரலை எடுக்கவில்லை.

பூஜ்யம்.

கார்டு நல்லாத்தான் இருக்கு சார் என்றான்.

அதைக் கேட்டுப் பெரியவர் முகம் மலர்ந்ததே, கண்கொண்டு பார்க்க முடியவில்லை. அப்போ பொண்ணு பத்திரமா இருக்கா என்றார். இந்தக் கேமராவையே பில் போடச் சொன்னார். வேறு எந்தக் கடையிலும் அவருக்காக ஒருத்தரும் இவ்வளவு மெனக்கெடவில்லையாம். முதலாளி உள்ளே இருந்தபடியே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

வாசல்வரை போன பெரியவர் திரும்பி வந்தார். பெட்டியைப் பிரித்துக் கேமராவை அவனிடமே நீட்டினார்.

“என் மூஞ்சி இத்தனை எதுக்கு தம்பி, அழிச்சிடுங்க. மொத்தமா வேணாம், ஒவ்வொண்ணா பாத்து அழிங்க. அவளோடது ஒண்ணு தப்பித் தவறிப் போயிடப் போகுது.”