பத்து நாள் தண்ணீர்

பெட்டியைக் குடத்தருகே கொண்டுபோனதும் ‘கிர்ர்ர்’ என்று கத்தியது. மூன்று ஊருக்குக் கேட்டிருக்கும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், சித்திரை வெயில். கிணத்துக்கடவுப் பக்கம் எல்லாக் கிணறும் வற்றி, என் பக்கத்துத் தோட்டத்துக் கோவிந்தராஜுலுவின் போர்வெல் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது. ஆயிரம் அடி. ஆதிசேஷன் தலையில் இடித்த பிறகுதான் தண்ணீர் வந்ததென்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

ஆழத்துப் பாறையிலிருந்து தண்ணீரில் கதிரியக்கம் கலந்திருக்கிறதா என்று பார்க்க, அதை அளக்கும் அந்தப் பெட்டியோடு வந்திருந்தார் ஆபீசர் நாகூர் மீரான்.

அன்றிலிருந்து எட்டாம் நாள் கோவிந்தராஜுலு வீட்டில் மகளுக்குக் கல்யாணம்.

ஆபீசர் கையேட்டைப் புரட்டினார். ஆயுசு முழுக்கக் குடிக்க ஓர் அளவாம். அவசரத்துக்குச் சில நாள் குடிக்க, அதைவிடக் கூடுதலாக இன்னோர் அளவாம். இந்தத் தண்ணீரைப் பத்து நாள் குடிக்கலாம், அதற்குமேல் கூடாது என்றார்.

எனக்கு ஒரே குஷி. பதினோராம் நாள் வந்துவிட்டதென்று தண்ணீருக்கு யார் சொல்வது? நடுவில் ஒரு நாள் மாமியார் வீட்டுக்குப் போய்வந்தால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணலாமா?

கோவிந்தராஜுலுவின் முகம் கறுத்துவிட்டது.

“ஏனுங்க சார், சம்பந்தி ஊட்டுக்காரங்களுக்கு நாள்கணக்குப் பாத்துத் தண்ணி குடுக்கறதுங்களா? கல்யாணத்தையே தள்ளிப் போட்டுப்போடறேனுங்க!”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

பெட்டி வாயை மூடிக்கொண்டது.

ஆபீசர் பெட்டியைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். தண்ணீரில் முக்காத குறையாகப் பிடித்துப் பார்த்தார். எப்போதாவது ஒரு டிக், அவ்வளவுதான்.

கோவிந்தராஜுலுவைக் கூப்பிட்டார். கிர்ர்ர்.

தள்ளிப் போகச் சொன்னார். அமைதி.

ஏழு தடவை நடக்கவிட்டார். நான் எழுபது என்றுதான் சொல்வேன்.

சமையல்கட்டிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தராஜுலுவின் மனைவி வெங்கடலட்சுமி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

“இந்த மனுசனோட இருவத்திநாலு வருசம் குடும்பம் நடத்திப்போட்டனுங்களே சார், அதுக்கு எத்தன நாள் லிமிட்டுங்க?”

ஆபீசர் கோவிந்தராஜுலுவின் சட்டைப் பையைக் காட்டினார்.

உள்ளே, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்காகக் காலையில்தான் வாங்கிய பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வலை, ஒரு டஜன். வெளிச்சம் தூக்கலாக இருக்க அதில் தோரியம் சேர்ப்பார்களாம். கத்தவைத்தது அதுதான்.

ஆய்வகத்துக்கென்று ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார் ஆபீசர்.

கோவிந்தராஜுலு ஒரு சொம்பு மொண்டார். முதலில் தான் அண்ணாந்து குடித்தார்.

“பத்திரிகைல போட்ட தேதியேதானுங்க,” என்றார்.