இருபத்து மூன்று மில்லிமீட்டர்

தேயிலை எஸ்டேட் இரும்புப் பாலத்தின் முனையில் இருந்த இடைவெளியை வெல்டிங் வைத்து மூடியவன் ஃபிட்டர் தினகரன்தான். "வெயில்ல இரும்பு நீளும் தொரை, அதுக்கு எடம் வேணும்" என்று முதலில் சொல்லிப் பார்த்தான்.

"கொழுந்து வண்டிச் சக்கரம் அதுல மாட்டுது. அடைச்சிடு" என்றார் மேனேஜர்.

ஏப்ரல் வெயிலில் பாலம் நெளிந்து தூக்கியது. கொழுந்து மூட்டையோடு போன அவன் மனைவி கோகிலவாணி ஓடையில் விழுந்து செத்தாள்.

புதிய பாலத்தில் இருபது மில்லிமீட்டர் இடைவெளி விட்டார்கள். குளிரில் இரும்பு சுருங்கி, இடைவெளி இன்னும் அகல வேண்டும். ஜனவரியில், புல் உறைந்து கிடந்த காலையில், தினகரன் அளந்தபோது இடைவெளியே இல்லை. மேனேஜரைக் கூட்டி வந்தான்.

அவர் வைத்த அளவுகோல் உள்ளே போனது. "இருபத்திமூணு. சரியாத்தானே இருக்கு?" என்றார், இரும்பில் கையூன்றியபடி.

அவர் கையை எடுத்ததும் தினகரன் அதே இடத்தைத் தொட்டான். ஏப்ரல் வெயிலில் காய்ந்த இரும்பாய்ச் சுட்டது; உள்ளங்கை வெந்து கொப்பளித்தது.