பதினைந்தாவது பிள்ளையின் கை

டீச்சர் சுட்டுவிரலை நீட்டினாள். மதிவதனி ஓடி வந்து பற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் அங்கன்வாடிப் பிள்ளைகள் கடைவீதிக்குப் போவார்கள், பெயர்ப்பலகைகளில் எழுத்துத் தேட. இரண்டிரண்டு பேராகக் கை கோத்து நடக்க வேண்டும். பிள்ளைகள் பதினைந்து. ஏழு ஜோடி போக ஒன்று மிஞ்சும்.

மிஞ்சுவது எப்போதும் மதிவதனிதான். நான்கு வயது. யாரோடும் பேசமாட்டாள். தேடிய எழுத்து கண்ணில் பட்டால் டீச்சரின் விரலை இரண்டு முறை அழுத்துவாள், அவ்வளவுதான்.

அந்த அழுத்தலுக்காக டீச்சர் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

வீட்டில் டீச்சரைத் தொட ஆளில்லை.

பதிவேட்டில் ஒரு கேள்வி உண்டு. மற்ற குழந்தைகளுடன் பழகுகிறாளா? நான்கு மாதமாக ‘இல்லை’ என்றே எழுதினாள். வருத்தப்பட்டுத்தான் எழுதினாள்.

ஆனால் யாராவது வராமல் ஜோடிக் கணக்கு சரியாகிவிட்டால், ஒரு பிள்ளையை ஆயா பேச்சியம்மாளின் கையில் கொடுத்துவிடுவாள். அப்போதும் மதிவதனி மிஞ்சுவாள்.

இன்று பிரவீனுக்குக் காய்ச்சல். அவன் ஜோடி ஜெனிலா தனியாக நின்றாள்.

“ஜெனிலாவைப் புடிச்சுக்கோங்க.”

பேச்சியம்மாள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நீங்க விட்டாத்தான டீச்சர், அந்தப் புள்ள இன்னொரு கையப் புடிக்கும்?”

சுருக்கென்றது. எத்தனை வாரமாகத் தெரியுமோ இவளுக்கு.

டீச்சர் விரலை உருவிக்கொண்டாள். மதிவதனியின் கையை எடுத்து ஜெனிலாவின் கையில் வைத்தாள். மதிவதனி திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

டீச்சர் பார்க்காததுபோல் முன்னால் நடந்தாள்.

இன்றைய எழுத்து ‘ம’. மருந்துக்கடை தாண்டும்போது ஜெனிலா கத்தினாள்.

“ஏட்டி, ஏங் கைய எதுக்கு அமுக்குத?”

மதிவதனி பலகையைப் பார்த்தபடி நின்றாள். ஜெனிலாவும் அண்ணாந்தாள்.

“டீச்சர்! ‘ம’! மதி கண்டுபிடிச்சிட்டா!”

மதிவதனி சிரித்தாள். ஜெனிலாவின் காதில் ஏதோ சொன்னாள்.

சொன்னாள்! டீச்சர் திரும்பி நின்று பார்த்தாள். சந்தோஷம்தான். கூடவே ஒரு பொறாமை, வெட்கங்கெட்ட பொறாமை, நான்கு வயதுப் பிள்ளைமேல்.

கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள்.

சாலையைக் கடக்க வேண்டும். வழக்கமாக ஒரு கையால்தான் வண்டிகளை நிறுத்துவாள். இன்று இரண்டையும் நீட்டினாள்.

பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கடந்தார்கள். மதிவதனி இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேசிக்கொண்டே போனாள்.

ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. ஸ்கூட்டர்க்காரர் மறுபடியும் அடித்தார்.

“யம்மா, புள்ளைய எல்லாம் போயாச்சு.”

அவள் இரண்டு கைகளையும் நீட்டியபடியே நின்றாள்.