பையன் யாரு?

"உங்க பொண்ணு காதலிக்கிறா!" என்றாள் அம்மா. கை படாத சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து தையல் மிஷின் மேலேயே வைத்தாள்.

அப்பா டெய்லர். வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் தொங்கிய டேப்பை மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"யாரு சொன்னா?"

"யாரு வந்து சொல்லணும்? மூணு வாரமா சோறு இறங்கல, தூக்கம் இல்ல, கை வேற நடுங்குது. நோட்டைப் பாருங்க, பத்துப் பக்கத்துக்குப் பூ போட்டு பார்டர் வரைஞ்சிருக்கா. பாடம் ஒரு வரி இல்ல. எனக்கும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு."

"உனக்கா? யாருக்காக?"

"ம்... எதிர்வீட்டுக்காரனுக்காக! கேக்கற கேள்வியைப் பாரு. உங்களுக்காகத்தான்."

இத்தனை வருடம் கழித்து அப்பாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. அதே வெட்கத்தோடு மடியிலிருந்த கோட்டைத் தூக்கிக் காட்டினார். "திட்டாத. ரெண்டு கையும் இடது கையா தைச்சுட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கவனம் ஓர் இடத்தில் நிற்காத கோளாறு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. போன வருடம்தான் டாக்டர் அதற்குப் பேர் வைத்து மாத்திரையும் கொடுத்தார். அதற்கப்புறம் ஒரு பட்டன்கூட இடம் மாறியதில்லை.

"மாத்திரை போட்டீங்களா, இல்லையா?"

"அதான் தெரியல. பாட்டில் கிடுகிடுன்னு காலியாகுது. போட்டதை மறந்துட்டு மறுபடியும் போட்டுக்கறேன் போல. பயந்துபோய் நாலு நாளா தொடவே இல்ல." அவர் குரல் இறங்கியது. "என் புத்தி என் கையில இல்ல. இந்த மாசத்தோட கடையை மூடிடலாம்னு பாக்கறேன்."

"உங்க புத்தி எங்கயும் ஓடிடாது. முதல்ல பொண்ணைக் கவனிங்க."

மகள் ஆடிட்டர் பரீட்சைக்குப் படிக்கிறாள். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று, மூன்றாவது தடவை அடுத்த வாரம். தண்ணீர் குடிக்க அறையை விட்டு வெளியே வந்தவளை அம்மா வாசலிலேயே மடக்கினாள்.

"பையன் யாரு?"

"எந்தப் பையன்?" நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மறைக்காதடி. நாங்க என்ன சினிமா வில்லனா? என்ன வேலை பாக்கறான், அதை மட்டும் சொல்லு."

"யாரா இருந்தாலும் சரி, கண்ணு. மாப்பிள்ளை கோட்டு என் பொறுப்பு" என்றார் அப்பா பெருந்தன்மையாக.

அம்மா அந்த இரண்டு இடது கைகளையும் ஒரு தடவை பார்த்தாள். "அதை வெளியில கொடுத்துக்கலாம்."

"ஐயோ, பையனே இல்லம்மா!"

அம்மா அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே தையல் மிஷின் மாதிரி கடகடவென்று ஓடியது.

"வாய் பொய் சொல்லும். இது சொல்லுமா?"

பதில் சொல்ல வந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

அடுத்த தெருவில்தான் டாக்டர் இருந்தார், அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கிற அதே டாக்டர். தண்ணீர் தெளித்ததில் கண் திறந்தவளை இரண்டு பேரும் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். நாடித் துடிப்பு நூற்றைம்பது. பிரஷரும் எகிறியிருந்தது.

"இது வேற ஒண்ணுமில்ல டாக்டர், காதல்தான். நீங்க பையன் பேரை மட்டும் வாங்கிக் கொடுத்துடுங்க" என்றாள் அம்மா.

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா. இந்த வேகத்துல துடிச்சா உயிருக்கே ஆபத்து." டாக்டர் மகளின் பக்கம் திரும்பினார். "காலையில என்னம்மா சாப்பிட்ட?"

"சாப்பிட்டாத்தானே!" என்றாள் அம்மா.

மகள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அப்பாவால் தாங்க முடியவில்லை. பொலபொலவென்று அழுதுவிட்டார். "எல்லாம் என்னாலதான் டாக்டர். மாத்திரை போட்டேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்லாத அப்பனைப் பாத்துப் பாத்து உள்ளுக்குள்ளயே புழுங்கியிருக்கா. இனிமே எனக்கு மாத்திரையும் வேணாம், கடையும் வேணாம். நாளைக்கே மூடிடறேன்."

மகள் கை நீட்டி, அவர் கழுத்தில் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்த டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதையும் மறக்கலப்பா... படிப்புல கவனம் நிக்கட்டும்னு உங்க மாத்திரையைத் தினமும் எடுத்துப் போட்டுக்கிட்டது நான்தான்."