ஒத்திகை

வீட்டில் பல்பு மாற்றுவதும் பரணில் ஏறுவதும் இந்துமதிதான். நாற்காலியில் ஏறினாலே கதிரேசனுக்குத் தலை சுற்றும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். விமானத்திலிருந்து குதித்துப் பார்க்க அவள் ஆசைப்பட்டபோது, "உன்னைத் தனியா அனுப்புவேனா?" என்று அவனும் கிளம்பியதில் நெகிழ்ந்துபோயிருந்தாள். ஆளுக்கொரு பயிற்சியாளர், அவர்கள் முதுகுக்குப் பின்னால் தன்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிப்பார். அதற்கு முன், பட்டைகளை மாட்டிக்கொண்டு பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து ஒத்திகை. "கதவுகிட்ட வந்ததும் என்ன செய்யணும்னா..." என்று பயிற்சியாளர் ஆரம்பிப்பதற்குள் கதிரேசனின் கைகள் மார்புப் பட்டையைப் பற்றின, கால்கள் பெஞ்சுக்கடியில் மடங்கின, தலை, பின்னாலிருக்கும் யாருடைய தோளிலோ சாய்வதுபோல் சாய்ந்தது. "சாருக்குப் பழக்கம் போல!" என்று பயிற்சியாளர் சிரித்தார். "வீடியோல பார்த்தேன்" என்றான் அவன், அவளைப் பார்க்காமல். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் இன்ஜின் உறுமத் தொடங்கியது. அவள் முகம் மாறியதைப் பயமென்று எண்ணிக் கையைப் பிடித்துக்கொண்டான். "பயப்படாதே இந்து. முதல்ல காது அடைக்கும். பாராசூட் விரிஞ்சதும் எல்லாம் அப்படியே அமைதியாயிடும், நம்ம மூச்சே நமக்குக் கேட்கும்." வீடியோவில் காது அடைக்குமா என்று அவள் கேட்கவில்லை. குனிந்து அவன் கையையே பார்த்தாள். அவள் ஏறும்போது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கே நடுங்கும் அந்தக் கை, இப்போது ஆடாமல் அசையாமல் இருந்தது.