சின்னவளுதைவிட நூறு ரூபாய் கூட

"அவளுது இன்னா வெலயோ, அதுக்கு மேல ஒண்ணு எனக்கு வேணும்டி."

கலைவாணி போனில் தன் தங்கை இளவரசியிடம் இதை ஒன்றும் ரகசியமாகச் சொல்லவில்லை. நாலடி தள்ளி, கம்ப்யூட்டர் முன்னால் அந்த 'அவளே' உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி அர்ச்சனா. இரண்டு காதையும் கவ்விப் பிடித்தபடி ஒரு கறுப்பு ஹெட்போன்.

"அக்கா, பக்கத்துல அவ இல்லியே?" என்றாள் இளவரசி.

"இருக்கா. இருந்தா இன்னா? அத மாட்டிக்கினா இடி வுழுந்தாலும் சீமாட்டிக்குக் கேக்காது. நேத்து சோறு துன்ன மூணு தபா கூப்ட்டேன், திரும்பல."

பழவேற்காட்டில் அவர்கள் வீட்டை ஒட்டித்தான் உலகநாதனின் கொட்டகை. படகு மோட்டார் ரிப்பேர். பொழுது விடிந்தால் ஏதாவது ஒரு மோட்டாரை ஓடவிட்டு உறுமவைத்துக்கொண்டே இருப்பார். பொன்னேரியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அர்ச்சனா, வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். இந்த இரைச்சலில் மீட்டிங் நடத்த முடியவில்லை என்று ஹெட்போன் வாங்கினாள். அன்று பிடித்தது கலைவாணிக்கு வயிற்றெரிச்சல்.

பின்னே? மாமியார் ஜெயம்மாவுக்கு வாயைத் திறந்தால் பெரியவள்தான். "பெரியவளே, தண்ணி புடிச்சியா? பெரியவளே, மீன் ஆய்ஞ்சியா?" சின்னவள் பக்கம் போனால் மட்டும் குரல் குழையும். "அதக் கூப்புடாத, பாவம், காதுல மாட்டிக்கினு வேல செய்யுது." காதில் மாட்டினால் மகாராணி, மாட்டாதவள் வேலைக்காரியா? தனக்கும் ஒன்று மாட்டிக்கொண்டு மாமியார் குரலே கேட்காமல் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்துவிட்டது.

"அது கெடக்கட்டும். அம்மாவுக்கு எறா குட்த்தனுப்பினேனே, வந்துச்சா?"

"வந்துச்சுக்கா. நம்ம சுண்ணாம்புக்குளத்துலயே இவ்ளோ பெரிய எறா கெடைக்கலனு அம்மா சந்தோசப்பட்டுது. உன் மாமியாருக்குத் தெரிஞ்சா?"

வீட்டுப் படகு வந்து, மீன் ஏலத்துக்குப் போனது போக, வீட்டுச் சமையலுக்கென்று வரும் கறிமீன் கூடை மூத்த மருமகள் கலைவாணி கைக்குத்தான் வரும். அவள் பிரித்துக் கொடுப்பதுதான் பங்கு. அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே அதிகாரம் அது.

"தெரிஞ்சா கூடை சின்னவ கைக்குப் போயிடும். அதுக்கு நான் காயல்லயே வுழுந்து செத்துடலாம். கெழவி வேற நாலு நாளா கூடைய எட்டி எட்டிப் பாக்குது" என்றவள், ஓரக்கண்ணால் அர்ச்சனாவைப் பார்த்தாள். அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அர்ச்சனா ஹெட்போனைக் கழற்றியதும், கலைவாணி தேனாக உருகினாள்.

"அர்ச்சனா, இந்த மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கணும்மா. நண்டு வித்த காசு இருக்குது."

அர்ச்சனா போனை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். "எட்டாயிரம் பத்தாயிரத்துக்கெல்லாம் போகாதீங்கக்கா, ரெண்டாயிரத்துக்குள்ளயே நல்லது இருக்கு. கழுத்துல தொங்குறது வேணாம். காதை முழுசா மூடுறது எடுங்க, பஞ்சு மெத்தையா இருக்கும். ஒரு வாட்டி சார்ஜ் போட்டா ரெண்டு நாளைக்குக் கவலையில்ல."

"வெளிச் சத்தம் அடங்குமா?"

"அதுக்குனே ஒரு பட்டன் இருக்குக்கா. அதுல மட்டும் ஒரு விஷயம்..."

"அதெல்லாம் இருக்கட்டும். உன்னுது எவ்ளோ?"

"ஆயிரத்து எட்டு நூறு."

"அப்ப எனக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குப் போடு."

அர்ச்சனா வாய்க்குள் சிரித்ததுபோல் இருந்தது. சிரிக்கட்டும், நூறு ரூபாய் கூட என்றதும் பொறுக்கவில்லை போல என்று கலைவாணி நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. நீல நிறம். அர்ச்சனாவே பிரித்து, சார்ஜ் போட்டு, கலைவாணியின் தலைக்கு அளவு பார்த்து மாட்டி, பட்டனை அழுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே உலகநாதன் கொட்டகையில் மோட்டார் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அதன் உறுமல் எங்கேயோ போய்விட்டது. கலைவாணி கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு நிம்மதி அவளுக்குக் கிடைத்ததில்லை. இனி எந்த 'பெரியவளே'யும் தன்னைத் தொடாது என்று மனசு குதித்தது.

அர்ச்சனா தன் இடத்தில் போய் உட்கார்ந்து, தன் ஹெட்போனையும் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னாள்:

"அன்னைக்கே சொல்ல வந்தேன்க்கா, நீங்க கேக்கல. இது மோட்டார் இரைச்சலத்தான் அடக்கும், பக்கத்துல பேசுறது நல்லாவே கேக்கும். நேத்து அத்தை வந்து எறா ஏன் குறையுதுனு கேட்டாங்க, தினமும் எனக்குத்தான் தனியா வறுத்துத் தர்றீங்கனு சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து நெஜமாவே வறுத்துடுங்க, காரம் மட்டும் கொஞ்சம் கம்மியா."